மருத்துவ மாமணி முத்துலட்சுமி அம்மையார்

சென்னை மாநகருக்குத் தெற்கே, வங்கக் கடலின் ஓரமாய் நீண்டு கிடக்கும் நிலப்பகுதி செங்கற்பட்டுச் சீமையாகும். ஏரிகள் மலிந்தமையால் ஏரி மாவட்டம் எனச் சிறப்பிக்கப்பெற்றது இது. பல்லவர்தம் உளித்திறம் விளங்கும் மாமல்லபுரமும், ஒல்லாந்தர் கோட்டை கட்டி வாணிகம் புரிந்த சதுரங்கப்பட்டினமும், அணுவாற்றல் நிலையம் அமைந்துள்ள கல்பாக்கமும் இக்கடற்கரையின் கண்ணே உள்ளன. முன்னாளில் அடையாற்றின் தென்கரை ஊர்களும் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தனவாகவே இருந்தன. அவ்வடையாற்றின் பக்கத்தில், கொடிய நோயாகிய புற்றுநோயை எதிர்க்கத் தென்னாட்டில் முதன்முதலாக ஒரு தனி மருத்துவமனையை எழுப்பிய பெருமாட்டி ஒருவர் வாழ்ந்தார். அவரே டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்.

பிறப்பும் கல்வியும்

முத்துலட்சுமி அம்மையார் 1886ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர். கல்லூரித் தலைவராக விளங்கியவர். அன்னையார் சந்திரம்மாள். பெண்கள் எழுத்தறிவு பெறுவதையே ஏற்காத காலம் அது. சிறுமியர்க்கு இளமையிலேயே மணம் முடித்துவிடுதல் வழக்கமாக இருந்தது. எனினும் முத்துலட்சுமியார் கல்வியை விடவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் சேர விரும்பினார். ஆடவர் மட்டுமே பயின்ற கல்லூரியில் ஒரு பெண் சேர்வதா எனப் பலர் எதிர்த்தனர். முற்போக்கு உள்ளம் படைத்த தொண்டைமான் மன்னர் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது இசைவளித்தார். அம்மையார் கல்லூரியுள் நுழைந்தார். நன்கு கற்றுத் தேறினார்.

பின்னர் 1907ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் ஆடவரே மிகுதி. அம்மையாரோ உடல் மெலிந்தவர், அடிக்கடி நோய்வாய்ப்பட்டவர். ஆயினும் உள்ளத்தின் உறுதி உடலின் தளர்ச்சியை வென்றது. பரிசுகளும் பதக்கங்களும் பெற்று 1912ஆம் ஆண்டில் மருத்துவப் பட்டம் பெற்றார். 1914ஆம் ஆண்டில் டாக்டர் சுந்தர ரெட்டி என்பாரை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் தொண்டுக்குத் தடை கூறலாகாது என்னும் உடன்பாட்டின்மேலேயே அம்மணம் நிகழ்ந்தது. இவர்களுக்கு இராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்னும் புதல்வர் இருவர் பிறந்தனர்.

நாட்டுத் தொண்டு

1926ஆம் ஆண்டில் அம்மையார் சென்னைச் சட்டமன்ற மேலவையில் இடம் பெற்றார். அவ்வவையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கவும், இளமை மணத்தைத் தடுக்கவும் அவர் ஆற்றிய அரும்பணியை நாடு மறவாது. காந்தியடிகள் 1930ஆம் ஆண்டில் சிறைப்பட்டபோது தம் பதவியைத் துறந்தார். திக்கற்ற பெண்களுக்கும் சிறுமியர்க்கும் புகலிடமாக ஒளவை இல்லத்தை நிறுவினார். இத்தொண்டுகளுள் ஒன்றே ஒருவர்தம் வாழ்நாளுக்குப் போதுமானது. ஆனால், அம்மையாரின் நெஞ்சில் மற்றொரு கவலை நீங்காது குடிகொண்டிருந்தது.

தங்கையின் மறைவு

அம்மையார்க்குத் தங்கை ஒருத்தி இருந்தாள். அன்பும் இளமையும் நிறைந்த அப்பெண்ணைப் புற்றுநோய் பற்றியது. தமக்கை மருத்துவர், தமக்கையின் கணவரும் மருத்துவர். அறிந்த மருத்துவம் அனைத்தையும் செய்து பார்த்தனர். நோய் தணியவில்லை. அல்லும் பகலும் வலியால் துடித்த தங்கை 1923ஆம் ஆண்டில் கண்மூடினாள். கற்ற கல்வி ஒன்றும் உதவாமற் போனதே என அம்மையார் கலங்கினார். கலங்கியதோடு நின்றுவிடவில்லை. தம் தங்கை பட்ட துன்பத்தை நாட்டில் எத்தனையோ தங்கையர் பட்டுக்கொண்டிருப்பர் என எண்ணினார். அவர்க்கெல்லாம் ஒரு மருத்துவமனை அமைப்பதே தம் வாழ்வின் கடன் என உறுதி பூண்டார்.

1925ஆம் ஆண்டில் அம்மையார் மேற்படிப்பிற்காக இலண்டன் மாநகருக்குச் சென்றார். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உண்டாகும் நோய்களைப் பற்றிக் கற்றதோடு, அங்கிருந்த புற்றுநோய் மருத்துவமனையின் பணியையும் அறிந்துகொண்டார். நோயை முற்றவிடாது கண்டுபிடித்து, உரிய கருவிகளைக் கொண்டு முறையாக மருத்துவம் செய்தால், பிழைப்பாரும் உளர் என்பது அவர்க்கு விளங்கியது. 1935ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரி தன் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடியபோது, புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்னும் கருத்தைப் பலரறிய எடுத்துரைத்தார்.

குடிசையில் பிறந்த கோயில்

எண்ணம் உருப்பெறப் பல்லாண்டுகள் ஆயின. தீராத நோய்க்குத் தனி மருத்துவமனை எதற்கு, இறக்கப் போகின்றவர்மேல் பொருளைச் செலவிடலாமா என ஐயுற்றவர் பலர். அம்மையார் சோர்வடையவில்லை. 1949ஆம் ஆண்டில் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் உதவி நிதி ஒன்றைத் தொடங்கினார். முதியவராகிய அவர், வீடு வீடாகவும் அலுவலகம் அலுவலகமாகவும் சென்று பொருள் திரட்டினார். செல்வர் தந்த ஆயிரத்தையும் ஏழை தந்த அணாவையும் ஒப்ப மதித்து ஏற்றார்.

1952ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தலைமை அமைச்சர் நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு சூன் 18ஆம் நாள் மருத்துவமனை தன் பணியைத் தொடங்கியது. அன்று அங்கிருந்தவை எளிய குடில்களும் 12 படுக்கைகளுமே. அம்மையாரின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி தம் வாழ்வை அதற்கே அளித்தார். மறு ஆண்டில் டாக்டர் சாந்தா அம்மையார் வந்து சேர்ந்தார். அவர் 2021ஆம் ஆண்டில் மறையும்வரை அவ்வளாகத்தையே இல்லமாகக் கொண்டு நோயாளர்க்கு உழைத்தார்.

சென்னையிலிருந்தும் செங்கற்பட்டுச் சிற்றூர்களிலிருந்தும், நாட்டின் பிற பகுதிகளிலிருந்தும் நோயாளர் வந்தனர். உழவரும் செம்படவரும் கூலி வேலை செய்தோரும் அவருள் மிகுதி. புகையிலையை மெல்லும் பழக்கத்தால் வாயில் புற்றுநோய் வந்தவர் பலர். கருப்பையின் வாயில் புற்றுநோய் வந்த தாய்மார் பலர். இவ்விரு வகை நோய்க்கும் அறுவை மருத்துவத்தினும் கதிர் மருத்துவமே பெரிதும் துணை செய்தது. ஆதலின், கதிர்க்கருவி ஒன்று இன்றியமையாததாயிற்று. மருத்துவமனை தோன்றிய சில ஆண்டுகளுக்குள் கனடா நாட்டிலிருந்து கோபால்ட்டுக் கருவி ஒன்று அடையாற்றுக்கு வந்து சேர்ந்தது. இந்தியாவிலேயே முதலாவதாக நிறுவப்பெற்ற கோபால்ட்டுக் கருவி அதுவே.

கதிரும் தீயும்

கதிர் மருத்துவம் என்பது யாது? 1895ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் ராண்ட்கன் என்பார் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். 1898ஆம் ஆண்டில் கியூரி அம்மையாரும் அவர் கணவரும் ரேடியத்தைக் கண்டனர். இக்கதிர்கள் உடலை ஊடுருவிச் செல்லும். செல்லும் வழியில் உள்ள உயிரணுக்களைச் சிதைக்கும். வரம்பின்றிப் பெருகும் புற்றணுக்கள் கதிரால் மாய்கின்றன. பக்கத்திலுள்ள நல்ல அணுக்களும் ஊறுபடுகின்றன. ஆயினும் இடைவிட்டுச் சிறிது சிறிதாகக் கதிரைச் செலுத்தினால் அவை தம்மைச் செப்பனிட்டுக்கொள்ளும் ஆற்றல் உடையன. ஆதலின், மருத்துவர் முழு அளவையும் ஒரே நாளில் அளிக்காமல், பல வாரங்களுக்குப் பகிர்ந்து அளிக்கின்றனர்.

தீயானது அகலில் நின்றால் இருளை நீக்கும். கூரையில் பற்றினால் குடியைக் கெடுக்கும். கதிரும் அத்தன்மையதே. அளவு குறைந்தால் நோய் மாயாது. சில திங்களில் மீண்டும் தலைகாட்டும். அளவு மிகுந்தால் தோலும் குடலும் சிறுநீர்ப்பையும் புண்படும். நோயினும் மருந்து கொடியதாகும். இடம் சிறிது விலகினாலோ இரண்டு கேடும் ஒருங்கே விளையும். நோயுற்ற பகுதி கதிர் பெறாது எஞ்சும். நலமுற்ற பகுதி வீணே கதிர் பெற்று வாடும். மாமல்லபுரத்துச் சிற்பி பாறையில் ஓர் உருவைச் செதுக்கும்போது, உளி இம்மியளவு பிறழ்ந்தாலும் மூக்கோ விரலோ சிதைந்துவிடும்; சிதைந்ததை மீண்டும் ஒட்ட முடியாது. கதிர் மருத்துவரின் பணியும் அத்தகையதே. கல்லில் நேர்ந்த பிழை கண்ணுக்குத் தெரியும். கதிரில் நேர்ந்த பிழையோ அன்றே தெரிவதில்லை. கதிருக்கு நிறமில்லை, மணமில்லை, ஓசையில்லை. நோயாளர் அதனை உணர்வதும் இல்லை. ஆகவே, கருவி கொண்டு அளந்து பார்த்தாலன்றிப் பிழையை அறிய வழியில்லை.

அளவின் அருமை

கோபால்ட்டுக் கருவியையே எடுத்துக்கொள்வோம். அதனுள் இருக்கும் கோபால்ட்டு 60 என்னும் பொருள் நாள்தோறும் சிறிது சிறிதாகத் தன் ஆற்றலை இழந்துகொண்டே வருகிறது. 5.27 ஆண்டுகளில் அதன் ஆற்றல் சரிபாதியாகிவிடும். ஒரு திங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு குறையும். ஓராண்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு குறையும். சென்ற ஆண்டு ஒரு நோயாளர்க்கு எத்தனை நிமிடம் கதிரைச் செலுத்தினரோ, இவ்வாண்டும் அத்தனை நிமிடமே செலுத்தினால், இவ்வாண்டு வந்தவர் குறைந்த மருந்தே பெறுவார். அவர் முகத்தில் வேறுபாடு தோன்றாது. கருவியும் வழக்கம்போலவே இயங்கும். ஆனால் நோய் முழுதும் மாயாது. எனவே, கருவியின் ஆற்றலைக் குறித்த காலந்தோறும் அளந்து, நேரத்தைத் திருத்திக்கொண்டே இருத்தல் வேண்டும்.

இப்பணியை மருத்துவர் தனித்துச் செய்தல் இயலாது. இயற்பியல் கற்ற அறிஞர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். அவர் மனித உடலுக்கு ஈடாக நீர் நிறைந்த தொட்டியை வைத்து, அதனுள் அளவைக் கருவியை இறக்கி, கதிரை அளக்கிறார். கதிர் விழும் இடத்தைக் காட்டும் விளக்கொளியும் உண்மையான கதிரும் பொருந்தி விழுகின்றனவா எனப் பார்க்கிறார். நேரங்காட்டி சரியாக ஓடுகிறதா எனச் சோதிக்கிறார். அளக்கும் கருவியே பிழைபட்டால் என் செய்வது? அதனை நாட்டின் தலைமை அளவையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல் வேண்டும். நம் நாட்டில் அத்தலைமை அளவையைப் பம்பாயை அடுத்த டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையம் பேணி வருகிறது. கடையிலுள்ள படிக்கல்லுக்கு அரசினர் முத்திரை வேண்டுவது போன்றதே இது.

இவ்விழிப்புத் தவறிய இடங்களில் விளைந்த கேட்டை உலகம் கண்டிருக்கிறது. 1988ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு எக்சிட்டர் நகரில் ஒரு கருவிக்குப் புதிய கோபால்ட்டு பொருத்தப்பெற்றது. அதனை அளந்தபோது நேர்ந்த ஒரு பிழையால், 207 நோயாளர் உரிய அளவினும் கால் பங்கு மிகுதியாகக் கதிர் பெற்றனர். அங்கிருந்தோர் எவரும் அதனை அறிந்திலர். வெளியிலிருந்து வந்தோர் தனியே அளந்து ஒப்பிட்டபோதுதான் உண்மை வெளிப்பட்டது. ஒருவர் அளந்ததை மற்றொருவரும் அளக்க வேண்டும் என்னும் நெறி எத்துணை இன்றியமையாதது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

அளவு செம்மையாக இருந்தால் உயிர்கள் பிழைக்கும் என்பதற்கும் சான்று உண்டு. தலையிலும் கழுத்திலும் புற்றுநோய் முற்றிய நோயாளர் எண்ணூற்றுவர்க்கு மேற்பட்டோரைப் பல நாடுகளில் ஆராய்ந்து, 2010ஆம் ஆண்டில் அறிஞர் ஒரு முடிவை வெளியிட்டனர். முறைப்படி கதிர் பெற்றவருள் நூற்றுக்கு எழுபதின்மர் இரண்டாண்டு கடந்தும் உயிரோடிருந்தனர். கதிர்த் திட்டத்தில் பெருங்குறை நேர்ந்தவருள் நூற்றுக்கு ஐம்பதின்மரே அவ்வாறு வாழ்ந்தனர். நோயும் மருந்தும் ஒன்றே. செய்முறையின் செம்மையே இருபதின்மரின் உயிரைக் காத்தது. மேலும், மிகச் சில நோயாளரையே அந்த ஆய்வுக்கு அனுப்பிய மருத்துவமனைகளில் நூற்றுக்கு முப்பது என்னும் அளவில் பெருங்குறை நேர்ந்தது. இருபது பேரும் அதற்கு மேலும் அனுப்பியவற்றிலோ நூற்றுக்கு ஐந்து என்னும் அளவிலேயே அக்குறை காணப்பட்டது.

புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும், அதற்கெனவே பயின்றவர் அங்கிருத்தல் வேண்டும் என முத்துலட்சுமி அம்மையார் பல்லாண்டுகளுக்கு முன்னரே வற்புறுத்தியதன் பொருத்தம் இவ்வாராய்ச்சியால் நன்கு விளங்கும். நாள்தோறும் ஒரே பணியைச் செய்து பழகியவர் கையில் பிழை குறைவு. எப்போதோ ஒருமுறை செய்வார் கையில் பிழை மிகுதி. அன்பு மட்டும் இருந்து அறிவு இல்லையேல் நோய் தீராது; அறிவு மட்டும் இருந்து ஒழுங்கு இல்லையேல் அதுவும் பயன்தராது.

கடற்கரையில் வளர்ந்த அறிவு

அம்மையாரின் மறைவுக்குப் பின்னும் இக்கடற்கரையில் கதிர் பற்றிய அறிவு வளர்ந்து வந்துள்ளது. மாமல்லபுரத்திற்குத் தெற்கே உள்ள கல்பாக்கத்தில் 1971ஆம் ஆண்டில் அணு உலை ஆராய்ச்சி மையம் நிறுவப்பெற்றது. இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பின்னர் அதற்குப் பெயர் சூட்டினர். அங்குள்ள அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அப்பகுதிக் கடற்கரை மணலில் மோனசைட்டு என்னும் தாது கலந்துள்ளமையால், இயற்கையாகவே சிறிதளவு கதிர் அங்கு மிகுந்து காணப்படும். இயற்கையில் உள்ளது எவ்வளவு, உலையால் வருவது எவ்வளவு எனப் பிரித்தறிய, மண்ணையும் நீரையும் காற்றையும் அங்குள்ளோர் இடைவிடாது அளந்து வருகின்றனர். ஆற்றலை ஆக்கும் இடத்தும், நோயைப் போக்கும் இடத்தும், அளவையே மக்களுக்குக் காவலாய் நிற்கிறது.

1969ஆம் ஆண்டில், அந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில், அறிஞர் அண்ணாவின் நினைவாகப் புற்றுநோய் மருத்துவமனை ஒன்று எழுந்தது. அதே ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டு அணுவாற்றல் நிறுவனமும் கூடி ஒரு நல்ல திட்டத்தைத் தொடங்கின. கதிரை ஏற்று நினைவில் வைத்துக்கொள்ளும் சிறு பொருளை அவை அஞ்சல் வழியாக மருத்துவமனைகளுக்கு அனுப்புகின்றன. மருத்துவமனையார் அதன்மேல் குறித்த அளவு கதிரைச் செலுத்தித் திருப்பி அனுப்புகின்றனர். சொன்ன அளவும் செலுத்திய அளவும் ஒத்துள்ளனவா என்பது அங்கு தெரிந்துவிடுகிறது. தொடக்க ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதி மருத்துவமனைகளே இச்சோதனையில் தேறின. இன்று பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை தேறுகின்றன. பிழை கண்டபோது நாணி மறைக்காது திருத்திக்கொண்டமையே இவ்வளர்ச்சிக்குக் காரணமாகும். நம் நாட்டிலும் 1983ஆம் ஆண்டு முதல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் கதிர்க்கருவிகளுக்கு விதிகள் வகுத்துக் கண்காணித்து வருகிறது.

அம்மையாரின் புகழ்

1956ஆம் ஆண்டில் இந்திய அரசு முத்துலட்சுமி அம்மையார்க்குப் பத்மபூஷண் விருது அளித்துச் சிறப்பித்தது. 1968ஆம் ஆண்டு சூலை 22ஆம் நாள், தம் எண்பத்திரண்டாம் வயதை எட்டும் தறுவாயில், அவர் இயற்கை எய்தினார். பன்னிரண்டு படுக்கைகளோடு பிறந்த மருத்துவமனை அவர் கண்முன்னரே வளர்ந்து, அவருக்குப் பின்னும் ஓங்கிப் பரந்து, நூற்றுக்கணக்கான நோயாளர்க்கு ஒருங்கே இடமளிக்கும் பெருநிலையமாய் இன்று விளங்குகிறது.

துன்பம் எல்லார் வாழ்விலும் வருகிறது. அதனை நினைந்து அழுதுவிட்டு மறப்பவர் பலர். தம் துன்பத்தைப் பிறர் துன்பம் நீக்கும் தொண்டாக மாற்றுபவர் சிலர். அச்சிலருள் முத்துலட்சுமி அம்மையார் தலைசிறந்தவர். தங்கைக்குச் செய்ய முடியாததை அவர் பிறர் பெற்ற பிள்ளைகளுக்குச் செய்தார். ஆயினும், அவர் எழுப்பிய கட்டடமும் அவர் வரவழைக்கக் காரணமாய் இருந்த கருவியும் தாமாகவே நோயைத் தீர்ப்பன அல்ல. ஒவ்வொரு காலையிலும், முதல் நோயாளர் அறையுள் வருமுன், கருவியை அளந்து பார்த்துக் குறிப்பேட்டில் உண்மையை எழுதும் ஒருவரின் நேர்மையே அத்தொண்டை நாள்தோறும் உயிர்ப்பித்து வருகிறது. அவர் பெயரை நோயாளர் அறியார்; நாடும் அறியாது. அறியாத நிலையிலும் கடமையில் வழுவாத அத்தகையோர் நாட்டில் பெருகும்தோறும், அம்மையாரின் கனவு மேலும் மேலும் நிறைவேறும்.